உள்ளங்கைத் துறையும் விரல்நுனித் துறையும்

ஒருவன் வெளிநாட்டுக்குப் போய்த் தரைக்கு டைல்ஸ் ஒட்ட வேண்டும் என்றால் முதலில் என்ன வேண்டும்? டைல்ஸ் ஒட்டத் தெரிய வேண்டும் என்று சொல்கிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் விசா அலுவலகத்தின் வாசற்படியைக்கூட மிதிக்காதவர்கள். ரசமட்டமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

ரசமட்டம் என்பது கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே ஒரு குமிழி ஓடும் கருவி இருக்கிறதே, அதன் பெயர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவன் கண் முதலில் தரைக்குத்தான் போகும். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், "அந்த மூலையில ஒரு நூலளவு தூக்கியிருக்கு" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன். கோணலாக ஒட்டிய டைல்ஸைக் கண்டால், ஒட்டியவனின் பரம்பரையையே வம்புக்கு இழுப்பான்.

அவன் மனைவி நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்து, கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு முன்னாடியே போய்விட்டாள். நர்ஸ் தன் குழந்தையைக் கூட்டிவரலாம், கணவனைக் கூட்டிவரக் கூடாது என்பது அங்கே சட்டம். குழந்தை அழுதால் சமாளித்துக்கொள்ளலாம், கணவன் அழுதால் ஆஸ்பத்திரி வேலை கெட்டுவிடும் என்று யோசித்திருப்பார்கள் போல. கணவன் தானும் ஒரு வேலையைத் தேடிப் பிடித்து, ஒரு முதலாளியின் தயவில் தனியாக வந்து சேர வேண்டும்.

ஆகவே மகள் போனிலேயே வளர்ந்தாள். அவளுக்கு அப்பா என்றால் கை அகலத்துக்கு வெளிச்சமாக இருப்பவர். பேச்சு போரடித்தால் விரலால் ஓர் இழு இழுத்தால் போய்விடுவார். ஒரு நாள் போனைச் சார்ஜர் ஒயரில் செருகிவிட்டு, "சத்தம் போடாதீங்க, அப்பா சாப்பிடறாரு" என்றாளாம். மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள். ரசமட்டமும் சிரித்தான். பிறகு மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதான். அவளுக்கு இந்த எண்ணம் நிலைத்துப்போவதற்குள், அப்பாவுக்குக் கை கால் எல்லாம் உண்டு என்று காட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

மனைவி இருந்த ஊரில் தரை வேலை எடுத்துச் செய்யும் ஒரு முதலாளி, இவன் ஒட்டிய குளியலறைத் தரையின் வீடியோவைப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது, நின்றதுதான். "இந்த ஆள் எனக்கு வேணும்" என்றார். உடனே அனுப்பிவிடுவார்களா? உள்ளூரில் ஆளே இல்லை என்று முதலில் நிரூபிக்க வேண்டும். முதலாளி பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். கெட்ட நேரம், ஒருவர் விண்ணப்பித்துவிட்டார். ஓய்வுபெற்ற தபால்காரர். இரண்டு முட்டியும் தேய்ந்தவர், குனிந்தால் நிமிர ஆள் வேண்டும். 'தகுதியுள்ள உள்ளூர்வாசி கிடைத்துவிட்டார்' என்று அரசாங்கம் கோப்பைக் கட்டி வைத்தது. "அவரால குனிய முடியாதே" என்று முதலாளி முறையிட்டார். "குனியணும்னு நீங்க விளம்பரத்துல போடலயே" என்றார்கள். குனியத் தெரிந்தவர் தேவை என்று போட்டதும், முட்டிவலிக்காரர்களை அவமதிப்பதாக நோட்டீஸ் வந்தது. கடைசியில் முதலாளி அந்தத் தபால்காரருக்கு நல்ல தூண்டில் ஒன்று வாங்கிக்கொடுத்து ஆற்றங்கரைக்கு அனுப்பி வைத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

இங்கே ரசமட்டத்துக்குத் துணை அவன் மச்சான், மனைவியின் தம்பி. அதே நாட்டுக்கு விண்ணப்பித்து ஒவ்வொரு தடவையும் நிராகரிக்கப்பட்டவன். அதனாலேயே தெருவில் விசா விஷயத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். கிடைத்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், யோசனை சொல்ல மிஞ்சியிருப்பவர்கள் கிடைக்காதவர்கள்தானே.

"மாமா, பயப்படாதீங்க" என்றான் மச்சான். "எங்கெங்க தப்பு பண்ணலாம்னு எனக்கு அத்துப்படி."

முதலில் தொழில் மெய்ப்பிக்கும் அலுவலகம். விண்ணப்பிக்கிறவன் நிஜமாகவே அந்தத் தொழில்காரன்தானா என்று அங்கே பார்ப்பார்கள். அவன் கரண்டி, ரசமட்டம், ரப்பர் சுத்தியல் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தான். தரையில் நாலு டைல்ஸ் ஒட்டிக் காட்டச் சொல்வார்கள் என்று நம்பினான். அந்த அறையின் தரைக்கு அது தேவையாகவும் இருந்தது. ஆனால் அதிகாரி பையைத் திறக்கவே விடவில்லை.

"கைய நீட்டுங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டு இவன் உள்ளங்கையைத் தடவினார். நெடுநேரம் தடவினார். வெளியே வரிசை கதவு வரைக்கும் நின்றது.

"சர்டிஃபிகேட்ட காசு குடுத்து வாங்கலாம். உள்ளங்கைய வாங்க முடியாது. இது நானே கண்டுபிடிச்ச முறை. நான் இந்த சீட்டுக்கு வந்ததுலேருந்து பேனாவத் தவிர எதையும் தூக்கினதில்ல. ஆனா ஒரு கைய தொட்டா போதும், கொத்தனாரா தச்சரான்னு சொல்லிடுவேன். என் கைய தொட்டுப் பாருங்க."

ரசமட்டம் தொட்டுப் பார்த்தான். பஞ்சு.

"இந்தக் கையாலதான் உங்க தலையெழுத்து எல்லாம் முடிவாகுது" என்று அவர் பெருமையோடு சொல்லிவிட்டு, அசல் என்று முத்திரை குத்தினார். "ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. விமானம் ஏறுற வரைக்கும் வேலைய விடக் கூடாது. எப்ப வேணும்னாலும் கூப்பிட்டுத் திரும்பத் தடவுவோம்."

அடுத்தது விசா சேவை மையம். அது தூதரகம் இல்லை, தூதரகத்துக்காகக் காகிதம் வாங்கும் கம்பெனி. பை கூடாது, போன் கூடாது, தண்ணீர் கூடாது. பெல்ட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் டோக்கனோடு ரசமட்டம் உட்கார்ந்திருந்தான். சுவரில் ஒரு குடும்பம் விமானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் விண்ணப்பித்தவர்கள் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

கூப்பிட்டார்கள். கவுண்டர்ப் பெண் விரல்ரேகைக் கருவியைக் காட்டினாள்.

"விரல வைங்க சார்."

"வச்சிருக்கேன் மேடம்."

"நல்லா அழுத்தி வைங்க."

"அழுத்தித்தான் வச்சிருக்கேன்."

"மெஷின் ஒண்ணும் இல்லேங்குது. ஒழுங்கா வைங்க சார்."

"இதுக்கு மேல வைக்கணும்னா கழட்டித்தான் மேடம் வைக்கணும்."

பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார்கள். திரை வெள்ளையாகவே இருந்தது. ரசமட்டத்துக்கு இது புதிதில்லை. அவன் போன்கூட அவன் விரலுக்குத் திறக்காது. சிமெண்ட்டும் சுண்ணாம்பும் அவன் ரேகையை எப்போதோ தின்றுவிட்டன. அவன் தொழிலில் இருக்கும் பாதிப் பேருக்கு அப்படித்தான். இதைச் சொன்னதும் பெண் மேனேஜரைக் கூப்பிட்டாள். அவர் கழுத்தில் அடையாள அட்டை மட்டும் இரண்டு தொங்கியது.

"சார், நாங்க வெறும் வாங்கி அனுப்பறவங்க" என்று ஆரம்பித்தார் மேனேஜர். "முடிவு எடுக்கறது எங்க வேலையே இல்ல. அதனால உங்க விண்ணப்பத்த வாங்கறதில்லன்னு முடிவு எடுத்திருக்கோம்."

"மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்குமா சார்?"

"எங்க மெஷின் தப்பே பண்ணாது. சந்தேகம் வந்தா மெஷின்கிட்டயே கேட்டு உறுதி பண்ணிக்குவோம்."

"அப்ப எங்க தொழில்ல இருக்கறவன் எவனும் போக முடியாதா சார்?"

"யார் சொன்னது? தொழில் செய்யாம இருந்தா தாராளமா போகலாம். கொஞ்ச நாள் கைய சும்மா வைங்க. ரேகை வளந்துடும். வாங்க, நாங்க இங்கதான் இருப்போம்."

அவர் சொன்ன கடைசி வாக்கியத்தில் ரசமட்டத்துக்கு நம்பிக்கை இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் அவன் கையைப் பொறுப்பெடுத்துக்கொண்டான். காலையும் மாலையும் கிரீம் தடவினான். துணி துவைக்க விடவில்லை, பாத்திரம் தொட விடவில்லை, குழம்பு காரமாக இருந்தால் தானே ஊட்டியும் விட்டான். தெருவில் பார்த்தவர்கள் ரசமட்டத்துக்கு ஏதோ பெரிய வியாதி என்று பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். மனைவி போனில் கேட்டாள்.

"என்னங்க, கை எப்படி இருக்கு?"

"உன் தம்பி என்னைப் புதுப்பொண்ணு மாதிரி வச்சிருக்கான்."

"என்னை ஒருநாள் அப்படி வச்சிருந்தீங்களா நீங்க?" என்றாள். அவன் பேச்சை மாற்றினான்.

விரல் நுனியில் மெல்லிய கோடுகள் தெரிய ஆரம்பித்த சமயம் பார்த்து, தொழில் மெய்ப்பிக்கும் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு தடவினார். சட்டென்று கண்ணைத் திறந்தார்.

"இது யார் கை?"

"என் கைதான் சார்."

"இது கொத்தனார் கை இல்ல. இது குமாஸ்தா கை. போன தடவை வேற யாரோட கையையோ கொண்டு வந்திருக்கீங்க."

ரேகை வளர்ப்பதற்காக வேலையை நிறுத்திய கதையை ரசமட்டம் முழுசாகச் சொன்னான். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கேட்பதற்கு அவருக்குச் சம்பளம் உண்டு.

"நீங்க சொல்றது விரல் நுனி. அது அவங்க துறை. எங்களுது உள்ளங்கை. அதுல நாங்க தலையிட மாட்டோம், இதுல அவங்க தலையிட மாட்டாங்க. எத்தனை வருஷமா சுமுகமா போயிட்டிருக்கு தெரியுமா?"

"ரெண்டும் ஒரே கையில தானே சார் இருக்கு?"

"அது உங்க உடம்போட அமைப்பு. அதுக்கு அரசாங்கம் என்ன பண்ணும்?" என்றார் அதிகாரி. பிறகு மனம் இரங்கி, உள்ளங்கையைத் தேற்றிக்கொண்டு வர அவகாசம் கொடுத்தார்.

உள்ளங்கை காய்க்க வேண்டும், விரல் நுனி தேயக் கூடாது. மச்சான் ஒரு ராத்திரி யோசித்து வழி கண்டுபிடித்தான். பத்து விரல் நுனிக்கும் பிளாஸ்திரி சுற்றி, அதன் மேல் ரப்பர் உறை மாட்டி, ரசமட்டத்தை மறுபடி வேலைக்கு அனுப்பினான். விரலைத் தூக்கியபடி உள்ளங்கையால் மட்டும் டைல்ஸ் ஒட்ட வேண்டும். ஒட்டிப் பாருங்கள், தெரியும். டைல்ஸின் ஓரத்தை விரல் நுனிதான் பார்க்கும், கண் இல்லை. ஒரு கடையின் தரையை அப்படி ஒட்டி முடித்து ரசமட்டக் கருவியை வைத்தான். குமிழி ஓடிப்போய் ஒரு மூலையில் ஒளிந்துகொண்டது. கடைக்காரருக்கு அது தெரியவில்லை. ஆனால் வாழ்நாளில் முதல் தடவையாகக் கோணல் தரை ஒட்டிய அவமானத்தில் ரசமட்டம் அன்று மகளிடம்கூடப் பேசவில்லை.

அந்தக் கோணல் தரை அவனுக்கு உள்ளங்கையை வாங்கிக்கொடுத்தது. "இப்பதான் நீங்க நல்ல கொத்தனார்" என்று அதிகாரி தடவி மகிழ்ந்தார். விரல் நுனிதான் கைவிட்டது. பிளாஸ்திரியையும் ரப்பரையும் மீறி சிமெண்ட் உள்ளே போயிருந்தது. சேவை மையத்தில் திரை மறுபடி வெள்ளை.

இந்தத் தடவை மேனேஜர் ஒரு வழி சொன்னார். விரல்ரேகை இல்லாதவர் என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால் அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறதாம். "முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றான் ரசமட்டம். "நீங்க முதல்லயே கேக்கலயே சார்" என்றார் மேனேஜர்.

அங்கீகரிக்கப்பட்ட டாக்டர் இவன் விரல்களை எண்ணினார். சரியாக இருந்தன.

"பத்து விரல் இருக்குன்னு எழுதித் தரேன். ரேகை இல்லன்னு எப்படி எழுத முடியும்? இருக்கறத பாத்துட்டு இருக்குன்னு எழுதுவேன். இல்லாதத நான் எங்க பாக்கறது?"

மச்சான் முன்னால் வந்தான். "டாக்டர், பாத்தேன், தென்படலன்னு எழுதுங்க. இருக்கு, இல்லன்னு நீங்க ஏன் மாட்டிக்கணும்?"

டாக்டர் அவனை மரியாதையோடு பார்த்தார். நிராகரிக்கப்பட்டவன் சும்மா நிராகரிக்கப்படவில்லை. அப்படியே எழுதிக் கொடுத்தார்.

மிச்சம் நேர்காணல். போகும் வழியெல்லாம் மச்சான் பாடம் நடத்தினான். "மாமா, ஏன் போறீங்கன்னு கேட்டா தரைன்னு சொல்லுங்க. அக்காவயும் பாப்பாவயும் பத்தி அவங்களே கேட்டாதான் வாயத் திறக்கணும். பாசம் கீசம்னு வந்துச்சு, போச்சு. பாசம் இருக்கறவன் திரும்பி வரமாட்டான்னு அவங்க கணக்கு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த நாட்டின் பெரிய அதிகாரி. அவர் கேட்டதையும் இவன் சொன்னதையும் நம் பேச்சில் சொல்கிறேன்.

"எங்க நாட்டுக்கு ஏன் வர விரும்பறீங்க?"

"தரை போட சார்."

"உங்க மனைவியும் மகளும் அங்கதான் இருக்காங்கன்னு போட்டிருக்கு."

"ஆமா சார்."

"அவங்கள பாக்கணும்னு ஆசையா இருக்கா?"

ரசமட்டத்துக்கு மச்சான் சொன்னது காதில் கேட்டது. போனை ஒயரில் செருகும் சின்னக் கை கண்ணில் தெரிந்தது.

"இல்ல சார்" என்றான்.

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட இல்ல சார்."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் அதிகாரி மனமார. "எங்க நாடு குடும்ப உறவுகளுக்கு உயர்ந்த மதிப்பு குடுக்கற நாடு. அதனாலதான் குடும்பத்துக்காக வரவங்கள நாங்க சேக்கறதில்ல."

வெளியே வந்ததும் ரசமட்டம் குழாயடியில் வாயைக் கொப்பளித்தான். இரண்டு தடவை கொப்பளித்தும் அந்த 'இல்ல சார்' போகவில்லை.

விசா கிடைத்தது. 'ரேகையற்றவர் பிரிவு' என்று ஓரத்தில் அச்சடித்திருந்தது. ஆனால் பாஸ்போர்ட் உடனே கைக்கு வரவில்லை. அது பாதுகாப்புச் சோதனைக்காக எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. சொந்தக்காரன் இங்கேயே கிடக்க, பாஸ்போர்ட் நன்றாக ஊர் பார்த்தது. விசா வந்த சந்தோஷத்தில் ரசமட்டம் வேலையை விட்டுக் கணக்கு முடித்தாகிவிட்டது. பெட்டி கட்டுவதும் பிரிப்பதுமாக மாதங்கள் போயின. ஒரு நாள் அவன் கட்டை விரல் பட்டதும் போன் தானாகத் திறந்துகொண்டது. அவனுக்கு ஒரே குஷி. "மச்சான், இங்க பாரு, என் போனுக்கு என்னைத் தெரிஞ்சிடுச்சு!" என்று கூப்பிட்டுக் காட்டினான். மச்சானும் சேர்ந்து சிரித்தான். எங்கெங்கே தப்பு நடக்கும் என்று அத்துப்படியானவனுக்கும் அது உறைக்கவில்லை. அவன் அந்தக் கட்டம் வரைக்கும் போனதில்லையே.

ஒருவழியாகப் பாஸ்போர்ட் வந்து சேர்ந்தது. விமானம் ஏறினான், இறங்கினான். குடியேற்றச் சோதனை வரிசையில் ரசமட்டம் நின்றான். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கூட்டத்தில் மனைவியின் தலை தெரிந்தது. அவள் இடுப்பில் ஒரு சிவப்புக் கவுன். அவன் கையை ஆட்டினான். கவுன் திரும்பவில்லை, அம்மாவின் போனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"விரல வைங்க" என்றார் அதிகாரி. வைத்தான். கருவி அழகாகக் கூவியது. திரையில் வரிவரியாகக் கோடுகள்.

அதிகாரியின் முகம் மாறியது. "உங்களுக்கு ரேகை இருக்கு."

"ஆமா சார், வந்துடுச்சு" என்றான் ரசமட்டம் பெருமையோடு.

"இருக்கக் கூடாதே. ரேகை இல்லாத ஒருத்தர உள்ள விடச் சொல்லித்தான் எங்களுக்கு உத்தரவு. நீங்க ரேகையோட வந்திருக்கீங்க. அப்ப நீங்க அவர் இல்ல."

"நான்தான் சார் அவர். மூஞ்சியப் பாருங்க, போட்டோவப் பாருங்க."

"மூஞ்சி பொய் சொல்லும் சார். அதனாலதான் விரல் கேக்கறோம்."

"விரல் உண்மைதானே சார் சொல்லுது?"

"அதுதான் பிரச்சினை" என்றார் அதிகாரி. அவரும் மனிதர்தான், அந்தி நேரம், களைத்திருந்தார். "வரிசையில பின்னாடி போய் இன்னொரு தடவை வாங்க. அப்பவும் ரேகை இருந்துச்சுன்னா அடுத்த விமானத்துல திரும்பிப் போய்ப் புதுசா விண்ணப்பிக்கணும். அங்க உள்ளங்கை பாக்கறவங்களும் இருக்காங்களாமே, அவங்களையும் பாத்துட்டு வாங்க."

ரசமட்டம் வரிசையின் கடைசிக்கு நடந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி கையால் என்னவென்று கேட்டாள். அவன் தலை குனிந்தான்.

குனிந்தால் அவன் கண் எங்கே போகும்? தரைக்குத்தான் போனது. அவ்வளவு பெரிய விமான நிலையம், அவ்வளவு பளபளப்பு, ஆனால் தூணுக்குப் பக்கத்தில் ஒரு கல் முழுசாக ஒரு நூல் தூக்கியிருந்தது. விளிம்பைத் தேய்க்கவே இல்லை, இணைப்பில் பூசிய சிமெண்ட்டைத் துடைக்கவும் இல்லை, சொரசொரவென்று அப்படியே இறுகிக் கிடந்தது. வழக்கமாக என்றால் அவன் வாய் அந்தக் கொத்தனாரின் பரம்பரைக்குப் போயிருக்கும். இன்றைக்குப் போகவில்லை. பாவம், அவனும் எந்த அதிகாரிக்குப் பயந்து விரலைத் தூக்கிக்கொண்டு உள்ளங்கையாலேயே ஒட்டினானோ.

ஷூ கயிறு கட்டுகிறவன்போல ரசமட்டம் அங்கே உட்கார்ந்தான். வரிசை ஓர் ஆள் நகர்ந்தால் இவன் இன்னொரு ஆளைத் தனக்கு முன்னால் போகவிட்டான். பத்து விரலையும் அந்த விளிம்பில் வைத்துத் தேய்த்தான். எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தான். மாதக்கணக்கில் வேலையில்லாமல் வளர்ந்ததெல்லாம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. நன்றாக ஒட்டிய தரையாக இருந்திருந்தால் அவன் அடுத்த விமானத்தில் திரும்பியிருப்பான்.

"விரல வைங்க" என்றார் அதிகாரி.

வைத்தான். கருவி ஒன்றும் பேசவில்லை. திரை வெள்ளை. அதிகாரி முகம் மலர்ந்து எழுந்தே நின்றுவிட்டார்.

"இப்பதான் நீங்க நீங்க! நல்வரவு சார். பாருங்க, எங்க மெஷின் கடைசியில உண்மைய கண்டுபிடிச்சிடும்."

கதவு திறந்தது. மனைவி ஓடி வந்தாள். அவன் கையைப் பிடித்தவள் விரல்களைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, எல்லாம் தோலுரிஞ்சு கிடக்கு?" என்று பதறினாள்.

"நான்தான்னு நிரூபிச்சேன்" என்றான் ரசமட்டம்.

அவள் இடுப்பிலிருந்த மகள் அவனைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் போனைப் பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள். அவன் குனிந்து முகத்தை அவள் பக்கம் கொண்டுபோனான். அவள் ஒற்றை விரலை அவன் கன்னத்தில் வைத்து, வழக்கமாக இழுப்பதுபோல் ஓர் இழு இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். கன்னம் ஈரமாக இருந்தது, விரலைக் கவுனில் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா," என்று புகார் சொன்னாள், "அப்பா போகவே மாட்டேங்கறாரு."